ஒத்தைச் சீட்டு ஆஸ்டின்

இந்த பஸ் சீட்டு முதுகுல அடிச்சிருக்கிற தகட்டைக் கொஞ்சம் தடவிப் பாருங்க. சும்மா தடவுங்க, அழுக்கு ஒண்ணும் ஒட்டாது. மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே சமமாப் போகுதுங்களா? இது மிஷின்ல அமுக்குனது. ஒரே அமுக்கு, வேலை முடிஞ்சுது. கையில தட்டி எடுத்த தகடு வேறங்க. கண்ணுக்கு இதைவிட வழவழன்னு இருக்கும். ஆனா விரல் நுனியை வெச்சு மெதுவா இழுத்தீங்கன்னா, எங்கயோ ஒரு எடத்துல லேசா ஏறி இறங்கும். ஒரு ஆளு நின்னு தட்டியிருக்கான்னு அதுல தெரியும்.

பழனிக்குங்களா? நான் உடுமலைப்பேட்டையில இறங்கிக்குவேன். இப்பத்தான் உக்கடம் தாண்டியிருக்குது, நேரம் கெடக்குது. பேச்சு தொந்தரவா இருந்தா சொல்லிருங்க, நிறுத்திக்கிறேன். வீட்ல பேச ஆளில்லை, அதனால வெளிய வந்தா கொஞ்சம் அதிகமாவே பேசிர்றேன்.

எனக்கு ஒரு கார் இருக்குதுங்க. ஆஸ்டின். என்ர மாமனார் அந்தக் காலத்துல வாங்குனது. உடுமலைக்குப் பக்கத்துல தோட்டம் அவியளுக்கு. அவர் போனதுக்கு அப்பறம் கார் தேங்காய் போட்டு வெக்கிற சாளைக்குள்ள கெடந்துச்சு. கோழி உள்ள போயி முட்டை வெச்சிட்டிருந்துச்சு. பாகம் பிரிக்கிற அன்னிக்கு மச்சானுக ரெண்டு பேரும் என்ர சம்சாரத்தைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேணும் திலகான்னு கேட்டாங்க. திலகமணின்னு பேரு. அவ என்ன கேட்டான்னு நெனைக்கிறீங்க? எனக்கு அந்தக் கார் மட்டும் போதும்னா. பக்கத்துல உக்காந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தென்னந்தோப்பு இருக்குது, கெணறு இருக்குது, இவ துருப்பிடிச்ச தகரத்தைக் கேக்கறா. பைத்தியம்னு நெனச்சேன். சரி, கேட்டுட்டா. லாரியில ஏத்திப் பீளமேட்டுக்குக் கொண்டாந்து வீட்டு முன்னாடி தார்ப்பாய் போட்டு மூடி வெச்சோம்.

நான் பம்பு கம்பெனியில இன்ஸ்பெக்ஷன்ல இருந்தனுங்க. நாச்சிமுத்து கைக்குத் தப்பி ஒரு கோணல் பீஸ் வெளிய போகாதுன்னு பேரு. பீஸை எடுத்துக் கையில ஒருக்காத் திருப்புனாலே போதும், எங்க தப்புன்னு சொல்லிருவேன். அந்தப் பழக்கம் வீட்லயும் வந்துருது, என்ன பண்றது. தோசை ஒரு பக்கம் தடிச்சிருந்தா தடிச்சிருக்குதுன்னுதான சொல்ல முடியும். சொல்லித் திருத்துனாத்தான் அடுத்த தோசை நல்லா வரும். நான் ஒருநாளும் கத்துனதில்லீங்க. எடுத்துச் சொல்லுவேன், அவ்வளவுதான்.

அந்த வருசம் ஓசூர்ல எங்க பொண்ணுக்குப் பிரசவம். திலகா ஒத்தாசைக்குப் போனா. கெளம்புற அன்னிக்குத் தார்ப்பாயைத் தூக்கிப் பாத்துட்டு, "ஏனுங்க, நீங்க ரிட்டையர் ஆனதும் இதை ஓடற மாதிரி மட்டும் பண்ணி வெச்சிருங்க. வேற ஒண்ணும் மாத்த வேண்டாம். நான் ஓட்டக் கத்துக்கறேன்"ன்னா. இந்த வயசுல உனக்கு எதுக்கு ஸ்டீரிங்குன்னு சொல்லிச் சிரிச்சேன். அவளும் சிரிச்ச மாதிரிதான் எனக்கு ஞாபகம்.

பிரசவம் ஆயி, கொழந்தைக்குப் பேரு வெச்சு, அது நடக்கப் பழகி, எல்கேஜியும் போக ஆரம்பிச்சுருச்சுங்க. இவ அப்பவும் பிரசவத்துக்குப் போனவதான். கேட்டா, பாப்பாவை ஸ்கூல்ல விட ஆளில்லைம்பா. நான் ரிட்டையர் ஆகி வீட்ல உக்காந்தேன். காலையில எந்திரிச்சா என்ன பண்றதுன்னு தெரியலை. பேப்பர் படிச்சு முடிச்சாலும் பொழுது அப்படியே கெடக்கும். அப்பத்தான் முடிவு பண்ணுனேன். காரை முடிச்சுட்டா இவ வந்துருவா. வந்துதான ஆகணும், அவ கேட்டு வாங்குன காராச்சே. ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி செஞ்சு வெச்சு, வாசல்ல நிறுத்திட்டு, வான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு நெனச்சேன்.

சுங்கம் ஸ்டாப்புக்குப் பக்கத்துல தன்ராஜுன்னு ஒருத்தன் டிங்கரிங் பட்டறை வெச்சிருக்கான். பெருத்த ஆளு, வாய் ஓயாது. வந்து நிக்கிற ஒவ்வொரு வண்டியையும், இதுக்கு முன்னாடி வேலை பாத்தவன் கெடுத்து வெச்சுட்டான்னுதான் ஆரம்பிப்பான். ஆனா தகடுன்னா அவன்கிட்டத்தான் போகணும். முதல்ல கம்பியை வளைச்சு வளைச்சு ஒரு கூடு மாதிரி கட்டுவான். அட்டையை வெட்டி அதும்மேல வெச்சுப் பாப்பான். பொறவு தகட்டை அந்த அளவுக்கு வெட்டி, மணல் மூட்டை மேல வெச்சு, கொட்டாப்புளியில தட்ட ஆரம்பிப்பான். மரச் சுத்திங்க, தகடு காயப்படாது. பள்ளம் விழுந்து விழுந்து முதல்ல பாக்கவே அசிங்கமா இருக்கும். அப்பறம் உள்பக்கம் ஒரு இரும்பு, வெளிப்பக்கம் சுத்தியல்னு வெச்சுத் தட்டித் தட்டி அந்தப் பள்ளத்தையெல்லாம் ஒண்ணாச் சேப்பான். நாலு நாள் கழிச்சுப் பாத்தா மட்கார்டு வந்து நிக்கும்.

நான் முதல்லயே சொல்லிட்டேன், பட்டி ஒரு துளி கூடாது. மத்தவனெல்லாம் பள்ளத்துல பட்டியை அப்பித் தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சுருவான். எனக்கு அது ஆகாது. தப்பை மூடி வெச்சா அது தப்பு இல்லாம ஆயிருமா? அவனுக்குக் கோபம் வந்துருச்சு. "சார், நீங்க காரைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. பக்கத்துல நின்னீங்கன்னா எனக்குக் கை ஓடாது"ன்னான். வீட்டுக்குப் போயி நான் என்ன பண்றது? அங்கயே ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன். அவன் தட்டுவான், நான் கண்ணை மூடிட்டுத் தடவிப் பாத்து, இங்க, இங்கம்பேன். அவன் திட்டிட்டே மறுபடி தட்டுவான். மத்தியானம் அவன் சம்சாரம் சோறு குடுத்து விடும். எனக்கும் சேத்துத்தான் வரும். அந்த வருசமெல்லாம் நான் ஒரு மனுசனோட உக்காந்து சாப்பிட்டது அங்க மட்டுந்தானுங்க.

முதல்ல ஒடுக்கு எடுக்கறது மட்டுந்தான் வேலை. ஆனா பாருங்க, ஒரு எடம் நேரானா அடுத்த எடம் கோணலாத் தெரியும். மட்கார்டு புதுசா வளைஞ்சு வந்துச்சு, கூரை அதுக்குப் பொருந்தலை. உருண்டையா, குல்லாப் போட்ட மாதிரி. எடுத்துரலாம்னேன். தன்ராஜே யோசிச்சான். நான் திலகாவுக்குப் போன் போட்டேன். கூரையை எடுக்கறேன், காத்தோட்டமா இருக்கும்னேன். கூரையே இருக்காதான்னு கேட்டா. அப்பறம், "தலைக்கு ஏதாச்சும் கட்டிக்கலாம், சரி"ன்னா. எப்பவும் இப்படித்தான், நல்லா இருக்குதுன்னு வாய் தொறந்து சொல்ல மாட்டா.

கூரை போனதும் பின்சீட்டு தனியா முழிச்சுட்டு நின்னுச்சு. நாங்க ரெண்டே பேரு, பின்னாடி யாரு உக்காரப் போறாங்க? எடுத்தாச்சு. பின்கதவு ரெண்டும் போச்சு. வால் பக்கத்தைப் படகு மூக்கு மாதிரி கூம்பி வர்றாப்பல தட்டச் சொன்னேன். அதுக்கு மட்டும் ஒரு மழைக்காலம் ஆச்சு. தன்ராஜ் ரெண்டு தடவை தட்டுன தகட்டைத் தூக்கி வீசிட்டு, ஒரு வாரம் என்கிட்டப் பேசவே இல்லை. ஆனா முடிஞ்சு நின்னப்ப, வண்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். அவன் வாயே மூடிக்கிச்சுன்னா பாத்துக்கங்க.

அங்க நின்னு பாக்கறப்பத்தான் அது என் கண்ணுல பட்டுச்சு. பானெட்டுல ஆரம்பிக்குது கோடு, அப்படியே வழிஞ்சு வருது, கதவுகிட்ட வந்ததும் பொத்துன்னு ஒரு பள்ளம். இடதுபக்கச் சீட்டு இருக்கிற எடம். அப்பறம் மறுபடி வால்ல ஏறுது. எனக்குக் கண்ணை உறுத்துச்சு. தன்ராஜ் வந்து, "சார், சீட்டுக்குப் பின்னாடி தலைக்கு மேடு தட்டணும். ஒண்ணாங்க, ரெண்டாங்க?"ன்னான். ஒண்ணு போதும்னேன். "அப்ப அம்மாவுக்கு?"ன்னான். அவளுக்குக் காத்து ஆகாது, தலைவலி வந்துரும், அவ எங்க இதுல ஏறப் போறா, வாசல்ல நின்னு பாத்தாப் போதும் அவளுக்குன்னேன். இடதுபக்கத்தை ஒரே தகட்டுல மூடிருன்னேன்.

சிரிக்காதீங்க. ரேஸ் கார்லயெல்லாம் அப்படித்தான் இருக்கும், படம் பாத்திருக்கேன். தன்ராஜ், கழட்டி மாட்டுற மாதிரி திருகாணி வெச்சுக்கலாம்னான். திருகாணித் தலை வெளிய தெரியும், கோடு கெட்டுப் போகும். வெல்டு வெச்சுருன்னுட்டேன். அந்த மூடி இருக்குதே, அந்த வண்டியிலயே அதுதான் பெரிய வேலைங்க. தகட்டை நான் ஒரு பக்கம் புடிச்சுட்டு நிப்பேன், அவன் தட்டுவான். சாயங்காலம் கையெல்லாம் மரத்துப் போயிரும். வெல்டு வெச்ச எடத்தை ராவித் தேய்ச்சு, கரும்பச்சைப் பெயின்ட் அடிச்சு, மெழுகு போட்டுத் துடைச்சப்ப, அங்க ஒரு சீட்டு இருந்துச்சுன்னு பெத்த தாய் சொன்னாலும் நம்ப மாட்டாங்க.

பொள்ளாச்சி வந்துருச்சா? தண்ணி வாங்கறதா இருந்தா வாங்கிக்கங்க, பஸ் கொஞ்ச நேரம் நிக்கும். எனக்கு வேண்டாம்.

அன்னிக்குச் சாயங்காலமே போன் பண்ணுனேன். திலகா, கார் முடிஞ்சுது, வான்னேன். மறுபேச்சு இல்லாம, வர்றேன்னா. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. வீட்டைக் கூட்டித் தொடைச்சேன். அவளுக்குப் புடிக்கும்னு கோவைப்பழம் மாதிரி செவந்த தக்காளியா பொறுக்கி வாங்கி வெச்சேன். காரை வாசல்ல நிறுத்தி, தன்ராஜையும் வரச் சொல்லிட்டேன், அவனும் பாக்கட்டும்னு.

ஆட்டோவுல வந்து இறங்குனா. புதுச் சேலை. கையில ஒரு பூப்போட்ட துண்டு, அதைப் பிரிக்கவே இல்லை, கடையில குடுத்த மடிப்போட இருந்துச்சு. என்னன்னு கேட்டேன். "காத்துக்குத் தலையில கட்டிக்கத்தான். கூரை இல்லைன்னு சொன்னீங்களே"ன்னா. காரைப் பாத்ததும் முகம் மலர்ந்துச்சுங்க, நான் பாத்தேன், பொய் சொல்லலை. எங்கப்பா பாத்திருந்தா அடையாளமே தெரிஞ்சிருக்காதுன்னா. நல்ல அர்த்தத்துலதான் சொன்னாள்னு நெனைக்கிறேன். மெதுவா முன்னாடி சுத்தி வந்தா, இடதுபக்கம் வந்து நின்னா. நின்னவ அங்கயே நின்னுட்டா.

கையை அந்த மூடி மேல வெச்சா. இப்படி, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் தடவிட்டே போனா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. முதல் தடவையா என்ர வேலையைத் தொட்டுப் பாக்கறாளேன்னு. ஒரு எடத்துலயாச்சும் ஏறி இறங்குதா பாரு திலகான்னேன். அவ, "இங்க உக்கார எடம் இருந்துச்சுதானுங்க?"ன்னா. நான் எடுத்துச் சொன்னேன். பானெட்டுல இருந்து கோடு எப்படி வருது, சீட்டு இருந்தா எப்படி வெட்டுது, எல்லாம் பொறுமையாத்தான் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. தன்ராஜ் மட்டும் பக்கத்து வீட்டு மதிலைப் பாத்துட்டு நின்னான். அவன் முகம் அப்படிச் சுண்டிப் போயி நான் பாத்ததே இல்லை.

அப்பறம் அவ அந்தத் துண்டைப் பிரிச்சுத் தலையில கட்டுனா. வலதுபக்கம் வந்தா, கதவைத் தொறந்தா, உக்காந்தா. சாவியைக் குடுங்கன்னா. வெளையாடாதேன்னேன். "ஓசூர்ல மாப்பிள்ளை கார்ல கத்துக்கிட்டேன். லைசென்ஸ் வந்து ஆறு மாசமாச்சு. போன்ல சொன்னேனே, அப்ப நீங்க வால் சரியா வரலைன்னு சொல்லிட்டிருந்தீங்க"ன்னா. சொன்னாளாங்க? எனக்கு ஞாபகமே இல்லை. வால்ல அப்ப நெசமாவே பிரச்சினை இருந்துச்சு, அது ஞாபகம் இருக்குது.

சாவியைக் குடுத்தேன். என்ன பண்றது, அக்கம்பக்கத்துல எல்லாரும் வந்து நிக்கிறாங்க. "ஒரு சுத்து போயிட்டு வர்றேன்"ன்னா. வண்டி அதிராம கெளம்புச்சு. தெரு முக்குல திரும்பறப்ப பின்பக்கத்தைப் பாத்தேன், அந்த வால் வெயில்ல என்ன அழகா இருந்துச்சு தெரியுங்களா. தன்ராஜ், "சார், கூடப் போலாம்னாலும் உங்களுக்கு எடமில்லையே"ன்னான். அவனை முறைச்சேன். நான் கேட்லயே நின்னுட்டிருந்தேன். பாத்தவங்க எல்லாம் உள்ள போயிட்டாங்க. தன்ராஜும் போயிட்டான். வெளக்கு வெக்கிற நேரத்துக்குப் போன் வந்துச்சு. "உடுமலைக்கு வந்துட்டேன், அண்ணன் வீட்ல இருக்கேன். வண்டி நல்லா ஓடுதுங்க"ன்னா.

அவ அங்கயே இருந்துட்டா. சித்திரையில போனவ. இப்ப ஐப்பசி. தோட்டத்து வீட்டைச் சுத்தம் பண்ணிக் குடியிருக்கா. சந்தைக்குக் கார்லதான் போறா. காய்கறிப் பையை மூடி மேல வெச்சுக்குவாளாம். பெயின்ட் கீறிராதுங்களா? ஒவ்வொரு தடவை போன் பண்றப்பவும் கீறல் விழுந்துதான்னுதான் முதல்ல கேப்பேன். வேற என்ன கேக்கறதுன்னும் தெரியலை. எப்ப வர்றேன்னு கேட்டா என்ன சொல்லிருவாளோன்னு இருக்குது.

சொல்றதுக்கு என்னங்க, ரொம்பத் தனியாத்தான் இருக்குது. மெஸ்ல சாப்பிடறேன். தோசை எந்தப் பக்கம் தடிச்சிருந்தாலும் பேசாமத் தின்னுட்டு வந்துர்றேன். யாருகிட்டச் சொல்றது. பட்டறைக்குப் போலாம்னா அங்க எனக்கு இப்ப வண்டி இல்லை. வண்டி இல்லாம ஸ்டூல்ல உக்காந்திருக்க ஒரு மாதிரி இருக்குது. ஒருநாள் போயி ஒருத்தரோட கார்க் கதவைத் தடவி, இங்க ஏறி இறங்குதுன்னேன். அந்தக் கார்க்காரர், நீங்க யாருன்னு கேட்டாருங்க.

போன வியாழக்கிழமை திலகாவே போன் பண்ணுனா. போன அன்னிக்குச் சாயங்காலத்துக்கு அப்பறம் அவளாக் கூப்பிடறது அதான் முதல் தடவை. "ஞாயித்துக்கிழமை வாங்க. பஸ் ஸ்டாண்டுல நான் வந்து கூட்டிட்டுப் போறேன்"ன்னா. எதுல கூட்டிட்டுப் போவேன்னேன். "கார்லதான்"ன்னா. உக்கார எடம் ஏது திலகான்னு கேட்டேன். பின்னாடி ஒரு சத்தம் கேட்டுச்சு. க்ரீச்சுன்னு, விட்டு விட்டு. அது என்ன சத்தம்னு எனக்குச் சொல்லித் தரணுமாங்க? தகடு அறுக்கற மிஷின். என்ன அங்க சத்தம்னேன். தோட்டத்துல வேலை நடக்குதுன்னா. வெச்சுட்டா.

நேரா சுங்கத்துக்குப் போனேன். பட்டறை பூட்டியிருக்குது. பக்கத்துல ரேடியேட்டர் கடைக்காரர், தன்ராஜு உடுமலைக்கு வேலைக்குப் போயிருக்கான், மூணு நாளாகும்னு சொன்னான்னாரு. அவனுக்குப் போன் போட்டா எடுக்கவே இல்லை. என்ர கூட உக்காந்து சோறு தின்னவன். அந்த மூடியை அவனே தட்டுனான், நான் புடிச்சுட்டு நின்னேன், மறுபடி அந்த மாதிரி ஒண்ணு அவன் கையிலயே வராது. அதை அவனே அறுக்கறான்னா என்னன்னு சொல்றது. அதான் போறேன். காரைப் பாக்கத்தானுங்க போறேன். மூடியில கை வெச்சிருந்தாங்கன்னா ரெண்டு பேரையும் நிக்க வெச்சுக் கேட்டுட்டு, அடுத்த பஸ்ஸுலயே திரும்பிருவேன். ஏற மாட்டேன். கோடு கெட்டுப்போன வண்டியில நான் ஏற மாட்டேன்.

இந்தச் சட்டையா? புதுசுதானுங்க. தீபாவளிக்கு எடுத்தது, அப்ப போட்டுக்க முடியலை.

கோமங்கலம் எப்பவோ தாண்டிருச்சு போல, பேச்சுல கவனிக்கலை. பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்புது பாருங்க. நீங்க ஜன்னலோரமா இருக்கீங்க, கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்களேன். எனக்கு இங்கிருந்து தெரியலை. கரும்பச்சைக் காரு, கூரை இருக்காது. ஒரு அம்மா தலையில துண்டு கட்டிட்டு உக்காந்திருப்பாங்க. இருக்குதுங்களா? அவங்களுக்கு இடதுபக்கம் பாருங்க. தகடு போட்டு மூடியிருக்குதா, அறுத்துட்டாங்களா?

மூடி இருந்தா நல்லதுங்க. அத்தனை நாள் வேலை அது. ஆனா மூடி இருந்துச்சுன்னா, இத்தனை தூரம் வந்து மறுபடியும் நான் நின்னுட்டு, அவ போறதைத்தான பாக்கணும்.

வேண்டாம், விடுங்க, பாக்காதீங்க. இல்லீங்க, பாருங்க. சீட்டு இருந்தா மட்டும் சொல்லுங்க.